பழைய மின்கிற்றாரை என் செய்வது?

வீட்டுக்கு வீடு பழைய வாத்தியமொன்று கிடப்பதை நம் பழைய மாணவர் பலரும் அறிவர். ஒரு வீட்டிலே துருத்தி கிழிந்த ஆர்மோனியம். இன்னொரு வீட்டிலே குடம் வெடித்த வீணை. வேறொரு வீட்டிலே வெளிநாடு சென்ற மகன் விட்டுச் சென்ற கிற்றார். இவற்றைக் காணுந்தோறும் மூன்று எண்ணங்கள் தோன்றும். மாற்றிப் புதுக்கிப் பயன்கொள்ளலாமா? உள்ளவாறே பேணி வைக்கலாமா? தக்க விலை வந்தால் விற்றுவிடலாமா? இவ்வினாவுக்குரிய விடையை நாம் நூலிற் கற்கவில்லை. கண்டாவளையில் எம் தமையனாரது வீட்டிலே, ஒரு பழைய மின்கிற்றாரின் முன் அமர்ந்து கற்றோம். அங்ஙனம் கற்றவற்றை இவ்விழா மலரின் வாயிலாக ஏனையோர்க்கும் கூறுதல் பயனுடைத்தெனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் அக்கிற்றாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். எம் தமையனார் 1974 ஆம் ஆண்டு கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில், வேறொருவர் பாவித்த அதனை விலைக்கு வாங்கினார். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையாற் புதிய வாத்தியம் கடையிற் கிடைத்தல் அரிதாயிருந்தது. "இஃது அமெரிக்கச் சரக்கு" என்று விற்றவர் சொன்னதைத் தமையனார் நம்பினார், நாமும் நம்பினோம். தலைப்பாகத்தில் இருந்த பெயர் முன்னமே தேய்ந்துபோயிருந்தமையால் அதனை மறுப்பாரும் இலர். பின்னர் ஊருக்குத் திரும்பி வயலைப் பொறுப்பேற்ற தமையனார், நாடக மேடைகளிலும் திருவிழா இரவுகளிலும் மின்பிறப்பாக்கியின் துணைகொண்டு அதனை வாசித்து வந்தார்.

1990 களில் போரினால் வன்னியில் மின்வழங்கல் அற்றுப்போயிற்று. வடக்கிற்கு எடுத்துச் செல்லலாகாதெனத் தடை செய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றித் தைனமோவில் எழும் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்திலும் தமையனார் கிற்றாரைக் கைவிட்டாரல்லர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

2009 ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் ஊரவர் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். புறப்படுமுன் தமையனாரும் அவர் மகனும் கிற்றாரைப் பொலித்தீனாற் பலமுறை சுற்றி, உரப்பைகளில் இட்டுக் கட்டி, தகரப் பெட்டியில் வைத்துக் கிணற்றடிக்கு அப்பாலுள்ள மேட்டு நிலத்திற் புதைத்தனர். தமையனார் திரும்பி வரவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இடப்பெயர்வின் நடுவே காலமானார். 2010 இல் ஏனையோர் மீளக் குடியேறியபோது வீட்டுக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை. குழியின் இடத்தை அறிந்திருந்த மகன் தோண்டியெடுத்த அப்பெட்டியொன்றே அவ்வீட்டிலிருந்து எஞ்சிய பொருள். தமையனாரின் நிழற்படம் ஒன்றுதானும் எஞ்சவில்லை.

பெட்டியைத் திறந்தபோது கிற்றாரின் தந்திகள் துருவேறி அறுந்திருந்தன. உடலின் ஓரத்தில் நிறப்பூச்சு உரிந்திருந்தது. கழுத்து சிறிது வளைந்திருந்தது. அதனைத் துடைத்து அலுமாரியின் மேல் வைத்தனர். அவ்வாறே பல்லாண்டு கிடந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன், பழைய வாத்தியங்களை வாங்கும் கொழும்பு வணிகர் ஒருவர் கேள்வியுற்று வந்து பார்த்து, நான்கு இலட்சம் ரூபாய் தருவதாகக் கூறினார். அன்று தொடங்கியது வாதம். ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் இசை பயிற்றும் எம் பெறாமகன், உள்ளுறுப்புகளை எல்லாம் களைந்து புதியன பூட்டி, உடலுக்கும் புது நிறம் பூசி வாசிக்க விரும்பினார். வயற்கிணற்றைத் திருத்தவும் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கவும் பணம் வேண்டியிருந்தமையால் விற்பதே தக்கதென வீட்டிற் சிலர் கருதினர். மச்சாளோ ஒரு சொல்லுஞ் சொன்னாரல்லர். ஆயினும் வணிகர் வந்த அன்று முதல் அக்கிற்றாரைத் தம் அறைக்குள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். "சித்தப்பா வந்து சொல்லட்டும்" என்று பெறாமகன் எமக்கு அழைப்பு விடுத்தார். நாம் இசைவாணர் அல்லேம். மின்சாதனங்களைத் திருத்தும் தொழிலிற் காலங்கழித்தவர். ஆதலின் எம் தொழில் முறைப்படியே இதனை ஆராயத் தலைப்பட்டோம்.

மின்கிற்றார் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை அறிந்தாலன்றி அதில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று துணிய முடியாது. வீணைக்குக் குடம் எவ்வாறோ அவ்வாறே மரக்கிற்றாருக்கு அதன் உள்வெளியான உடல். ஒலி அவ்வுடலிலேயே பெருகும். மின்கிற்றாரின் உடலோ பெரும்பாலும் உள்வெளியற்ற கட்டை. அதன் தந்திகளுக்குக் கீழே 'பிக்கப்' எனப்படும் உறுப்பு அமைந்துளது. அது காந்தத்தைச் சுற்றி, ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியமைத்த சுருள். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகின்றது. அசைவினாற் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகின்றது. சைக்கிள் தைனமோவின் தத்துவமே இதன் தத்துவமும் ஆம். அம்மின்னோட்டம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வழியாகச் சென்று, ஒலிபெருக்கியை அடைந்து ஒலியாகின்றது. எனவே பழைய கிற்றார்களுட் பெரும்பாலானவற்றுக்குத் தம்மளவில் மின்சாரம் வேண்டியதில்லை. ஒலிபெருக்கிக்கே அது வேண்டும்.

இம்முறை முதன்முதல் வணிகத்துக்கு வந்தது 1932 இல். அமெரிக்காவில் ரிக்கன்பாக்கர் முதலியோர் செய்த அக்கருவி வட்ட உடலும் நீண்ட கழுத்துமாய்ப் பொரிக்குந் தாச்சியை ஒத்திருந்தமையால் அப்பெயராலேயே வழங்கலாயிற்று. 1950 இல் லியோ பெண்டர் கட்டையுடற் கிற்றாரை விற்பனைக்கு விட்டார். 1952 இல் கிப்சன் நிறுவனத்தார் லெஸ் போல் கிற்றாரையும், 1954 இல் பெண்டர் ஸ்ற்றற்றோகாஸ்ரர் கிற்றாரையும் வெளியிட்டனர். பெண்டர் முறையிற் கழுத்தும் உடலும் திருகாணிகளாற் பொருத்தப்படும். பிக்கப்புகளும் குமிழ்களும் ஒரு மேற்றகட்டிற் பூட்டப்பட்டிருக்கும். தகட்டைக் கழற்றினால் வாத்தியத்தின் 'நரம்பு மண்டலம்' முழுவதும் கையோடு வந்துவிடும். இவ்வெளிமையே மாற்ற விரும்புவோர்க்கு வசதியும் ஆகும், பொறியும் ஆகும்.

விற்பதைப் பற்றி முதலில் ஆராய்வாம். பழைய கிற்றாரின் விலை அதன் வயதினால் மட்டும் அமைவதன்று. எங்கே, எப்போது, யாராற் செய்யப்பட்டது, எவ்வளவுக்கு முதலிருந்தவாறே இருக்கின்றது என்பனவற்றால் அமைவது. 1965 ஆம் ஆண்டு சனவரியில் பெண்டர் நிறுவனத்தை சீ. பீ. எஸ். நிறுவனத்தார் 13 மில்லியன் டொலருக்கு வாங்கினர். அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்கே சேகரிப்போரிடம் மதிப்பு மிகுதி. அக்காலத்து யப்பானியக் கிற்றார்களோ மாணவர் வாங்கத்தக்க மலிவுப் பொருள்களாய் ஏற்றுமதியானவை. ஒரே தொழிற்சாலைப் பொருளே பல பெயர்களில் விற்கப்பட்டதுமுண்டு. அவற்றுட் பல இன்றும் சில நூறு டொலர்களுக்கே விலை போகின்றன. ஆதலின் விலை பேசுமுன் பொருளை அறிதல் வேண்டும்.

வெளிப்பெயரை நம்பலாகாது; பெயரை எழுதுதல் எளிது. உள்ளே பார்த்தல் வேண்டும். அமெரிக்கக் கிற்றார்களின் குமிழ்களுக்குக் கீழுள்ள உலோக மூடியில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் முதல் மூன்று எண்கள் உறுப்பைச் செய்த நிறுவனத்தையும், பின்வருவன ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 137 என்பது சீ. ரீ. எஸ். நிறுவனத்தின் குறி. 1376620 என்றிருப்பின் அவ்வுறுப்பு 1966 ஆம் ஆண்டின் 20 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென அறியலாம். கிற்றார் அதற்கு முற்பட்டதாயிருத்தல் இயலாது, உறுப்பு பின்னர் மாற்றப்பட்டிருந்தாலன்றி.

நாம் பெறாமகனையும் மச்சாளையும் அருகிருத்தி, தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். உள்ளே எண்ணுமில்லை, அமெரிக்காவுமில்லை. குமிழ்கள் யப்பானிய அளவிற் சிறியன. ஆளியில் யப்பானிய எழுத்துகள் இருந்தன. உடலின் குழிவிலே ஒட்டுப்பலகையின் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. ஐம்பது ஆண்டாக வீட்டார் நம்பியிருந்த 'அமெரிக்கச் சரக்கு' யப்பானில் அமெரிக்க உருவைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவுக் கிற்றார் என்பது ஒரு நொடியில் விளங்கிற்று.

வணிகர் இதனை அறியார். உள்ளதைச் சொல்லாது நான்கு இலட்சத்தையும் வாங்கியிருக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். வணிகர் தாமே பார்த்து மதித்த விலைதானே என்பது அவரது நியாயம். நாம் அதற்கு இணங்கவில்லை. அறியாமையால் ஏமாந்த தமையனாரின் பொருளைக்கொண்டு அறிந்தே மற்றொருவரை ஏமாற்றுதல் எங்ஙனம் பொருந்தும்? பெறாமகனே தொலைபேசியில் உண்மையைத் தெரிவித்தார். வணிகர் நன்றி கூறி, விலையை அறுபதினாயிரமாகக் குறைத்தார். கிணறு திருத்தும் எண்ணம் அத்துடன் தள்ளிப்போயிற்று. இழப்பு இழப்பே, அதனை மறைத்தற்கில்லை.

விற்க விழைவோர் மற்றொன்றும் அறிதல் நன்று. சில பழைய கிற்றார்களின் விரற்பலகை பிரேசில் நாட்டு றோஸ்வூட் மரத்தால் ஆயது. அம்மரம் 1992 முதல் அனைத்துலக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் உளது. அத்தகைய வாத்தியத்தை அனுமதிப் பத்திரமின்றிப் பிறநாட்டுக்கு விற்று அனுப்பலாகாது. வேறு பல றோஸ்வூட் இனங்களாற் செய்து முடிக்கப்பட்ட வாத்தியங்களுக்கு 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது.

இனி மாற்றுவதைப் பற்றிக் கூறுவாம். வாத்தியத்தை மாற்றுதல் குற்றமென்று நாம் கருதவில்லை. மாற்றமின்றேல் நம் இசையே இவ்வளவு வளர்ந்திராது. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் மேனாட்டு வயலின் நம் இசைக்கு வந்தது. அதன் உடலில் உளி படவில்லை, சுருதி கூட்டும் முறையும் பிடிக்கும் முறையுமே மாறின. மண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக் கமகத்துக்கு இசைவித்தார். சிறுபருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்த எல். சங்கர், 1980 இல் பத்துத் தந்திகளையுடைய இரட்டை வயலினை வகுத்தபோது, கிற்றார் செய்யும் கென் பார்க்கரைக்கொண்டு அதனைப் புதிதாகவே செய்வித்தார். மூன்றும் மூன்று வழிகள்: உடலைத் தொடாது முறையை மாற்றுதல், உறுப்பை மாற்றுதல், வேண்டியதைப் புதிதாகச் செய்தல். பழைய பொருளுக்கு ஊறின்றி முடியும் வழி இருக்க, ஊறு செய்யும் வழியை நாடுதல் தக்கதன்று.

மாற்றங்களை மீட்கத்தக்கன, மீட்கவொண்ணாதன என இரண்டாகப் பகுத்தல் வேண்டும். தந்தி மாற்றுதல், பிரடை மாற்றுதல், பழைய திருகாணித் துளைகளிலேயே வேறு பிக்கப்பைப் பூட்டுதல் என்பன மீட்கத்தக்கன. கழற்றியவற்றைப் பேணினால் எந்நாளும் பழைய நிலைக்குத் திரும்பலாம். மரத்தைக் குடைதல், புதிய துளையிடுதல், பழைய பூச்சைச் சுரண்டி நிறம் பூசுதல் என்பன மீட்கவொண்ணாதன. பழைய அமெரிக்கக் கிற்றாருக்குப் புது நிறம் பூசினால் அதன் விலை ஏறக்குறையப் பாதியாகும் என்பது வணிகர் வழக்கு. டேவிட் கில்மோர் பலமுறை மாற்றியமைத்த கறுப்பு ஸ்ற்றற்றோகாஸ்ரர் 2019 இல் நியூயோர்க் ஏலத்தில் 39 இலட்சம் டொலருக்கு மேல் விற்கப்பட்டதே எனச் சிலர் வினவலாம். அவ்விலை மாற்றத்துக்கு வந்ததன்று, மாற்றியவருக்கு வந்தது.

மாற்றியே ஆகவேண்டிய இடமும் ஒன்றுண்டு. அஃது உயிர்க் காப்பு. கிற்றாரின் தந்திகள் வடத்தின் வழியாக ஒலிபெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். நிலக்கம்பியில்லாத பழைய இருமுனைச் செருகியுள்ள ஒலிபெருக்கியிற் பழுதேற்படின், வாசிப்பவர் உடலில் மின் பாயக்கூடும். 100 வோல்ற்றுக்கெனச் செய்த யப்பானியப் பெட்டியை நம் 230 வோல்ற்று மின்னில் நேரே செருகலும் ஆகாது. இவ்விடத்திற் பழமையைப் பேணுவது பேதைமை. தகுதியுள்ளவரைக்கொண்டு நிலக்கம்பியிட்டு, உலர்ந்துபோன ஒடுக்கிகளையும் மாற்றுவித்தல் கடன்.

வைத்திருத்தல் மூன்றினும் எளிதெனத் தோன்றும். உண்மையில் அதுவே அரிது. கண்டாவளையிற் கடல்நீரேரியின் உப்புக்காற்றும் மாரிக்கால ஈரமும் உலோகத்தை அரிக்கும். கறையான் மரத்தை அரிக்கும். வாத்தியத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தலாகாது, வெயிலிலும் வைத்தலாகாது. உலர்ந்த மெல்லிய துணியால் அடிக்கடி துடைத்தல் வேண்டும். பளபளக்குமென்று தேங்காயெண்ணெய் பூசுவோர் உளர். அது தூசியைப் பிடித்துச் சிக்கெடுக்கும். கழுத்து வளைந்திருப்பின் உள்ளே ஓடும் உருக்குக் கோலின் திருகைக் காற்சுற்று மட்டுமே திருப்பி, ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். எம் கிற்றாரின் கழுத்து இவ்வாறு நான்கு நாளில் நேராயிற்று.

பழையதை ஏன் பேணல் வேண்டுமெனக் கேட்பார்க்கு யாழே சான்று. சங்க நூல்கள் போற்றிய யாழ்களுள் ஒன்றுதானும் நம் கைக்கு எட்டவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, நூற்சான்றுகளைக்கொண்டே அதன் உருவையும் இசையையும் கணித்து, 1947 இல் யாழ்நூலை வெளியிட நேர்ந்தது. ஒரு பழைய யாழ் எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில் எஞ்சியிருப்பின் எத்துணை ஐயங்கள் தீர்ந்திருக்கும்!

எம் வீட்டுக் கிற்றார் யாழன்று. மலிவான யப்பானியப் பொருளே. விலையில்லாதது என்று அறிந்தபின், விரும்பியவாறு மாற்றலாமே என்றார் பெறாமகன். நாமும் இணங்கவிருந்தோம். அப்போதுதான் கழற்றிய தகட்டின் உட்புறத்தை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தோம்.

தொழிற்சாலைக் கம்பிகள் இரண்டே எஞ்சியிருந்தன. ஏனையவை விளக்குக்குப் பாவிக்கும் இழைக்கம்பிகள்; பற்றாசு வைத்த கை தமையனாரது கை. ஒலிநயக் குமிழோடு இணைந்த ஒடுக்கி ஏதோ ஒரு வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றியது. குதிரையிலே ஒரு தந்தியைத் தாங்குவது சைக்கிட் கம்பியை அராவிச் செய்த துண்டு. கழுத்தின் மேல்நுனியிலே தந்திகள் தங்கும் சிறு கட்டை மான்கொம்பிற் செதுக்கியது. தகட்டின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு மின்சுற்றுப் படமும், '12-4-1994' என்ற தேதியும், அதன் கீழே ஒரு வரியும் இருந்தன: "இனித் திறப்பவர் கவனிக்க. கறுப்புக் கம்பியே நிலத்துக்கு."

மச்சாள் அவ்வெழுத்தை நெடுநேரம் பார்த்தார். தைனமோவிலும் கார்ப் பற்றறியிலும் ஓடிய வானொலிப் பெட்டியொன்றையே ஒலிபெருக்கியாக்கி அவர் இரவில் வாசித்ததை அப்போதுதான் எமக்குச் சொன்னார்.

இதனால் எம் ஆராய்ச்சியில் இருந்த பிழையொன்று எமக்கே தெரிந்தது. 'முதலிருந்தவாறு' என்று நாம் ஓயாது பேசினோம். எந்த முதல்? தொழிற்சாலையை விட்டு வந்த நாளே முதல் எனின், தமையனாரின் வேலை முழுவதும் களையத்தக்க பழுதாகும். சேகரிப்பவர்க்கு அங்ஙனமே தோன்றும். வன்னியில் மின்னும் பற்றறியும் இல்லாதிருந்த ஆண்டுகளில் ஒரு மனிதர் தம் இசையை எவ்வாறு காத்தார் என்பதற்கு, இத்தகட்டைவிட வேறு சான்று அவ்வீட்டில் இல்லை. சந்தை விலை அறுபதினாயிரம்; இத்தகடு அக்கணக்குள் வருவதன்று.

பின் செய்தது இது. மானியால் அளந்தபோது ஒரு பிக்கப் 6 கிலோ ஓம் காட்டிற்று. மற்றது சுருள் அறுந்து, எதுவுங் காட்டவில்லை. அறுந்ததை மீளச் சுற்றுவிக்க முயலவில்லை. பழைய தகட்டை வைத்து அதே வடிவிற் புதிய பிளாஸ்ரிக் தகடொன்று வெட்டுவித்து, திருகாணித் துளைகளை அதே இடங்களில் அமைத்தோம். புதிய பிக்கப்புகளையும் குமிழ்களையும் அதிற் பூட்டி, கிற்றாரில் வைத்து முடுக்கினோம். உடலில் ஒரு துளைதானும் புதிதாக இடவில்லை, நிறமும் பூசவில்லை. மான்கொம்புக் கட்டையும் சைக்கிட் கம்பித் துண்டும் செவ்வனே வேலை செய்தமையால் இருந்த இடத்திலேயே விட்டோம். பழைய தகட்டை ஒரு கம்பிதானும் அறாமல் துணியிற் சுற்றி, ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு பிஸ்கற்றுத் தகரத்தில் இட்டோம். திருகாணிகளை மீளக் கழற்றினால் அரை மணி நேரத்திற் கிற்றார் தமையனார் விட்ட நிலைக்குத் திரும்பும்.

இப்போது கண்டாவளைப் பிள்ளைகள் நால்வர் அக்கிற்றாரிற் பயில்கின்றனர். கிணறு இன்னுந் திருத்தப்படவில்லை. அடுத்த போக விளைச்சலை நம்பியிருக்கின்றது.

பழைய வாத்தியம் உடைய அன்பர்களுக்கு எம் அனுபவத்தாற் கூறுவது இதுவே. விலை பேசுமுன்னும் உளி எடுக்குமுன்னும் திறந்து படியுங்கள். யார் செய்தார் என்பதோடு, பின்னர் யார் கை வைத்தார் என்பதையும் தேடுங்கள். விற்பதாயின் உள்ளதை உள்ளவாறு சொல்லி விற்றுவிடுங்கள். தேவைக்கு விற்பது இழுக்கன்று. வைப்பதாயின் பேணுங்கள், மறந்து கிடத்தல் வைத்தலாகாது. மாற்றுவதாயின் மீட்கத்தக்கவாறு மாற்றிக் கழற்றியதைக் காத்து வையுங்கள். பின்னர் வருபவர் எம்மினும் நன்கறிந்தவராயிருத்தல் கூடும். அவர் தீர்மானிப்பதற்கும் சிறிது விட்டுவைத்தல் வேண்டும்.

வேலை முடிந்த அன்று பெறாமகன் முதன்முறை வாசித்தபோது மச்சாள் கேட்டிருந்து, "பழைய தகடு எங்கே?" என்று மட்டும் வினவினார். தகரத்தைக் கொடுத்தோம்; தம் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். புதிய தகட்டின் உட்புறத்தில் பெறாமகன் தாமும் ஒரு சுற்றுப்படம் வரைந்து, தேதியிட்டு, பழைய தகடு இருக்கும் இடத்தையும் குறித்திருக்கின்றார். இனித் திறப்பவர் அதனைக் கவனிப்பர்.